முதலில் பிறேக், பிறகு எஞ்சின்

2025 ஜனவரி 12ஆம் திகதி பின்னேரம் எங்கட வட்சப் முழுக்க ஒரே முகம். துபாயில் நடந்த 24 மணிநேரக் கார்ப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம். ஊர்க் குறூப்புகளில் வெடி கொளுத்துற வீடியோ, ‘தல’ ஸ்டிக்கர், இதயம், கண்ணீர். ‘தமிழன்டா’ எண்டு போடாத ஆள் இல்லை. அதே குறூப்பில, அதே கிழமை, அயலில இருக்கிற மாமா ஒருவர் குரல்பதிவு ஒண்டு போட்டிருந்தார். காங்கேசன்துறை வீதியில் இரவில மோட்டார் சைக்கிள் முறுக்குற பெடியளைப் பற்றி: “உந்தக் காவாலியளைப் பிடிச்சு நாலு சாத்துச் சாத்தினால்தான் உது அடங்கும்.” அவரின்ர புரொபைல் படத்தில நிண்டது அஜித்தும் அவரின்ர போர்ஷே காரும்.

முதல்ல சிரிச்சம். பிறகு சிரிப்பு வரேல்ல. ஏனெண்டால் தெல்லிப்பழையில் இருந்து திருநெல்வேலிக்கு அதே வீதியாலதான் நாங்கள் தினமும் பல்கலைக்கழகம் போய் வாறம். அந்த வீதியில எந்தத் தந்திக்கம்பத்தில ஆர் மோதினது எண்டு எங்களுக்குத் தெரியும். எங்களோட உயர்தரம் படிச்ச ஒருத்தன் இண்டைக்கும் காலுக்குள்ள கம்பியோட நொண்டி நடக்கிறான். அவனுக்கு நாங்கள் வச்சிருந்த பட்டப்பெயரும் ‘றேஸர்’தான்.

ஆகவே இந்தக் கட்டுரை அந்த மாமாவுக்கு எதிரானது. அந்தப் பெடியளுக்கும் எதிரானது. கொஞ்சம் எங்களுக்கும் எதிரானது. அண்டைக்கு நாங்களும் இதயம் போட்டம், குரல்பதிவுக்கு ஒருத்தரும் பதில் போடேல்ல. எங்கட வாதம் இதுதான்: வேகத்தின் மேலுள்ள ஆசையை அடிச்சு அடக்க ஏலாது. ஆனால் விதிக்குள்ள கொண்டுவரலாம். அதுக்கு வலிகாமத்துக்கு ஒரு ரலிக் கழகம் வேணும். நாங்கள் பகிடி விடேல்ல.

முதலில் துபாய்க் கதையை ஒழுங்காகச் சொல்லுவம். பந்தயத்துக்கு நாலு நாளைக்கு முன், ஜனவரி 7ஆம் திகதி, பயிற்சி ஓட்டத்தில் அஜித்தின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அந்த வீடியோவை எல்லாரும் பாத்தம். அதுக்குப் பிறகு நடந்ததைப் பாத்தவை குறைவு. 24 மணிநேரப் பந்தயம் உடம்பை உரிக்கிற வேலை. தன் அணியின் முதன்மைக் காரை ஓட்டுவதில் இருந்து அவர் விலகினார். வேறொரு பிரிவில், இன்னொரு காரில், மற்றவர்களோடு மாறி மாறி ஓட்டினார். மூன்றாம் இடம் வந்த காரை ஓட்டியவர்கள் மத்தியூ டெற்றி, ஃபாபியன் டுஃபியூ, கமரோன் மக்லியோட். எங்கட ஒரு ஸ்டேட்டஸிலயாவது அந்த மூண்டு பேரின்ர பேர் இருந்ததா? அணித்தலைவன் தன்ர ஆசையைக் கட்டிப்போட்டு ஸ்டியரிங்கை மற்ற ஆக்களிட்டக் குடுத்ததுதான் அந்தக் கிழமையின் பெரிய செய்தி. நாங்கள் அதை விட்டிட்டு கண்ணாடி போட்ட படத்தைப் பகிர்ந்தம்.

இவ்வளவுக்கும் அவர் முழுநேர ஓட்டுநர் இல்லை. 2003இல் ஆசிய ஃபோர்முலா பிஎம்டபிள்யூ, 2010இல் ஃபோர்முலா 2 எண்டு இடைக்கிடை ஓடி, பிறகு பல வருசம் விட்டு, ஐம்பது வயது கடந்து 2024இல் சொந்த அணி தொடங்கினவர். படத்தில நடிச்ச காசு அதுக்குப் பின்னால இருக்கு. போர்ஷே எங்களுக்கு எட்டாது. அவரிட்ட இருந்து எடுக்கக்கூடியது காரை இல்லை, அந்த ஒழுங்கை.

இனி ரலி. எங்கட ஊரில ‘ரலி’ எண்டால் கட்சி ஊர்வலம், இல்லாட்டி கிளப் ஆக்கள் கொடி கட்டிப் போற சைக்கிள் ஓட்டம். மோட்டார் ரலி வேற விளையாட்டு. வட்டப்பாதையில் பக்கம் பக்கமாக முட்டி மோதுவது இதில் இல்லை. ஒவ்வொரு காரும் தனியாக, நிமிட இடைவெளியில் புறப்படும், நேரத்தோடுதான் போட்டி. காரில் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார். மற்றவர் கொப்பியைப் பாத்து வாசிச்சுக்கொண்டே இருப்பார்: இடது மூண்டு, முன்னால மதவு, வலது இறுகும், வெட்டாதே. கொப்பியை வாசிக்கிற ஆள் ஒரு வரி தவறினால் இரண்டு பேரும் பள்ளத்துக்குள்ள. ஓட்டுறவர் தன் கண்ணை விடத் தன் கூட்டாளியின் குரலை நம்ப வேண்டிய விளையாட்டு இது.

எங்களுக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று இருக்கு. ரலியில் வேகமாக ஓடுற பகுதிகள் மூடப்பட்ட வீதிகளில் நடக்கும். ஒரு பகுதியில் இருந்து அடுத்த பகுதிக்குப் போறது சாதாரண வீதியால், ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில. அந்த வீதியில ரலிக்காரும் இலக்கத்தகடு போட்டிருக்க வேணும், சிவப்பு விளக்குக்கு நிக்க வேணும், வேக எல்லையை மதிக்க வேணும். மீறினால் தண்டனை. இன்னொண்டு: உலக ரலிச் சம்பியன்சிப் விதிப்படி, நேரக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு ஒரு நிமிடம் பிந்தி வந்தால் 10 செக்கன் தண்டம். ஒரு நிமிடம் முந்தி வந்தால் முழுசாக ஒரு நிமிடத் தண்டம். பிந்தினவனை விட அவசரப்பட்டவனுக்கு ஆறு மடங்கு! காங்கேசன்துறை வீதியில் ஓடுற மினிபஸ்ஸுகளுக்கு இந்த விதியை நாளைக்கே கொண்டுவந்தால் நாங்கள் மாலையோட நிப்பம்.

மாமாவின் காவாலித்தனக் கதைக்கு எங்கட முதல் பதில் இது. விதி தெரியாமல் முறுக்குறவனும் விதிக்குள்ள ஓடுறவனும் ஒரே ஆள் இல்லை. ஆனால் முதலாமவனை இரண்டாமவனாக மாத்தலாம்.

இப்ப பெடியளோட கதைப்பம்.

காரை, சைக்கிளை ‘அப்கிறேட்’ பண்ணுறது எண்டு சொல்லுறீங்கள். என்ன பண்ணுறீங்கள்? சைலன்சரைக் கழட்டி ஊரை எழுப்புற குழாய் பூட்டுறது. எதிர்ல வாறவன்ர கண்ணைக் குருடாக்கிற லைற். மட்காட்டை வெட்டுறது. பின் ரயரை மெலிசாக்கிறது. கண்ணாடியைக் கழட்டி எறியிறது. அதாவது பாக்கிறவைக்குத் தெரியிற எல்லாம் புதுசு. உங்களை உயிரோட வச்சிருக்கிற ஒண்டும் புதுசு இல்லை. பிறேக் கட்டை தேஞ்சபடி. செயின் தொங்கினபடி. ஹெல்மெற் கையில கொழுவினபடி.

ஒரு ரலி அணி சாதாரணக் காரை வாங்கிப் போட்டிக்காராக மாத்தும்போது வேலை எங்க தொடங்கும் தெரியுமா? உள்ளுக்குள்ள இருக்கிற சீற், கம்பளம் எல்லாம் கழட்டி, கார் உருண்டாலும் கூரை நசியாதபடி இரும்புக் குழாயில் ஒரு கூடு ஒட்டுவினம். பிறகு உடம்பை இறுக்கிப் பிடிக்கிற சீற், தோளாலயும் இடுப்பாலயும் வாற பட்டிகள், தீயணைப்பான், வெளியில இருந்தே மின்சாரத்தை நிறுத்துற சுவிச். பிறகு பிறேக். பிறகு சஸ்பென்சன், ரயர், எஞ்சினுக்கு அடியில் கல்லடி தாங்கும் தகடு. எஞ்சினில் கை வைக்கிறது கடைசி. போட்டி நாளில் பரிசோதகர் வந்து பட்டியை இழுத்துப் பாத்து, ஹெல்மெற்றின் தர அடையாளத்தை வாசிச்சு, கூட்டின் ஒட்டைத் தட்டிப் பாத்து, திருப்தி இல்லாட்டி “வீட்ட போ” எண்டு சொல்லுவார். அங்க ஆரின்ர மகன் எண்ட கேள்வி இல்லை.

இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் என்ன நடக்கும் எண்டதுக்கு ரலி வரலாற்றிலேயே பாடம் இருக்கு. 1980களில் ‘குறூப் பி’ எண்ட பிரிவு வந்தது. காரில என்ன மாற்றம் செய்யலாம் எண்டதுக்குக் கட்டுப்பாடு மிகக் குறைவு. எடை இறங்கியது, சக்தி ஏறிக்கொண்டே போனது. சனம் வீதிக்குள்ளயே இறங்கி நிண்டு, காருக்குக் கை நீட்டித் தொடப் பாத்தது. 1986 மார்ச்சில் போர்த்துக்கல் ரலியில் ஒரு கார் சனத்துக்குள் பாய்ந்து மூவர் இறந்தனர். முன்னணி அணிகளின் ஓட்டுநர்கள் கூடிக் கதைச்சு, இனி ஓட மாட்டம் எண்டு கையெழுத்து வச்சு விலகிச்சினம். மே மாதம் கோர்சிகாவில் ஹென்றி தொய்வோனனும் அவரின் வழிகாட்டி செர்ஜியோ கிரெஸ்ரோவும் தீயில் இறந்தனர். அடுத்த வருசம் அந்தப் பிரிவே இல்லை. கார் கூடினதால் மட்டும் விளையாட்டு வளராது எண்டதை அவை பிணங்களை எண்ணித்தான் படிச்சவை. நாங்களும் அப்படித்தான் படிக்க வேணுமோ?

அதே காலத்தில் இன்னொரு கதையும் இருக்கு. நாலு சில்லுக்கும் சக்தி போற புதுப் பொறிமுறையோட வந்த அவுடி குவாற்றோவில், 1981இல் இத்தாலியின் சன்ரெமோ ரலியை வென்றவர் மிஷெல் மூற்றோன். உலகச் சம்பியன்சிப் ரலி ஒன்றை வென்ற முதல் பெண். பக்கத்தில கொப்பி வாசிச்சவர் ஃபப்ரிட்சியா பொன்ஸ், அவரும் பெண். அடுத்த வருசம் மூற்றோன் உலகத்தில இரண்டாம் இடம். ஸ்கூட்டியில கொஞ்சம் கெதியாப் போன பெட்டையைப் பற்றி மூண்டு ஒழுங்கைக்குக் கதை பரப்புற எங்கட ஊருக்கு இதைச் சொல்லி வைக்கிறம். மகாஜனாவில் படிச்ச அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்ந்து தேசிய சாதனை வச்சபோது வரவேற்பு மாலை போட்ட ஊர்தான் இது. பாயலாம், ஓடலாம், ஆனால் ஸ்டியரிங் மட்டும் பிடிக்கக் கூடாதோ?

“எங்களிட்ட உதுக்கெல்லாம் எங்க ஆள், எங்க அறிவு?” எண்டு கேப்பீங்கள். கராச்சுகளைப் போய்ப் பாருங்கோ.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள்ள பெற்றோல் கண்ணால காண முடியாத காலத்தில், எங்கட அப்பாமாரும் மாமாமாரும் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் காரும் ஓட்டிச்சினம். மண்ணெண்ணெய் குளிரில லேசில ஆவியாகாது. அதனால சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. வெள்ளைப் புகை அடிக்கும். பிளக்கில கரி பிடிக்கும்; கழட்டித் துடைச்சுப் பூட்டி மறுபடி ஓடுறது. ஏ40 சோமசெற்றும் மொறிஸ் மைனரும் ஐம்பதுகளில் வந்த கார்கள். உதிரிப்பாகம் வராத ஊரில கடைசல் பட்டறையில் பாகம் செய்து பூட்டி, நோயாளியையும் ஏத்தி, கலியாணப் பெண்ணையும் ஏத்தி ஓட வச்சவை எங்கட மெக்கானிக்மார். அவை ஆரும் தங்களை எஞ்சினியர் எண்டு சொன்னதில்லை. 2020 மார்ச்சில் இருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதியே நிண்ட ஐந்து வருசத்திலும் பழசைப் புதுசாக்கி நாட்டை ஓட்டினது கராச்தான்.

இந்த அறிவுக்கு மேடை கிடைச்சால் என்ன நடக்கும் எண்டதுக்குக் கோயம்புத்தூரைப் பாருங்கோ. மில்லும் பட்டறையும் பம்புசெற்றும் இருந்த ஊர். எஸ். கரிவரதன் அங்க இருந்துதான் மாருதி 800 காரின் எஞ்சினைப் போட்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். ஃபோர்முலா மாருதி எண்டு அதுக்கொரு பந்தயமே வந்தது. தென்னிந்திய ரலியை வென்ற ஜி. ஆர். கார்த்திகேயனின் மகன் நரேன், அந்தக் குட்டிக் காரில் தொடங்கி, 2005இல் ஃபோர்முலா 1இல் ஓடிய முதல் இந்தியரானார். மலிவான எஞ்சின், உள்ளூர்ப் பட்டறை, ஒழுங்கான போட்டி நாட்காட்டி: இந்த மூண்டும் சேர்ந்தது. எங்களிட்ட முதல் இரண்டும் இருக்கு.

மூண்டாவது ஏன் இல்லை? இலங்கையின் மோட்டார் விளையாட்டு வரைபடத்தைப் பாருங்கோ. நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தோட்டத்துரைமாரின் காலத்தில் தொடங்கினது. தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் இராணுவக் கல்லூரி வளவில். கஜபா சுப்பர்குறோஸ் சாலியபுர முகாமில். மிச்சம் கொழும்புக் காசும் பழைய விமான ஓடுதளமும். தோட்டம், முகாம், பணம். இந்த மூண்டுக்கும் வெளியில நிக்கிற ஒரு கராச் பெடியன் எந்த வாசலால உள்ளுக்குப் போறது?

மாமா இதில குறுக்கிடுவார் எண்டு தெரியும்: “ஃபொக்ஸ் ஹில்லில நடந்தது மறந்து போச்சோ?” மறக்கேல்ல. 2024 ஏப்ரல் 21. ஐந்து வருசத்துக்குப் பிறகு நடந்த போட்டி, பெருஞ்சனம். பாதையில் ஒரு கார் கவிழ, எச்சரிக்கைக் கொடி அசைந்து கொண்டிருக்கும்போதே இன்னொரு கார் விலகிச் சனத்துக்குள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தனர். அந்த வீடியோவைப் பார்த்த ஒருவரும் லேசாகப் பேச முடியாது. நாங்களும் பேசேல்ல. ஆனால் அது எதுக்குச் சாட்சி? சனம் எங்க நிக்கலாம், தடுப்பு எவ்வளவு தூரத்தில இருக்க வேணும், ஆர் எப்ப போட்டியை நிறுத்துறது எண்ட கேள்விகளைப் பெரிய இடங்களே கோட்டை விட்டதுக்குச் சாட்சி. போர்த்துக்கல்லுக்குப் பிறகு 38 வருசம்! அந்தச் சிறுமிக்குச் செய்யிற மரியாதை, அடுத்த போட்டியில பார்வையாளர் நிக்கிற இடத்தை முதலில் வரைஞ்சு, பாதையைப் பிறகு வரையிறது.

இன்னொரு இரட்டை நாக்கும் இருக்கு. மாட்டுவண்டிச் சவாரி எங்கட பண்பாடு எண்டு மேடை போட்டுச் சொல்லுறம். வண்டியை எடை குறைச்சுச் செய்யிறம், மாட்டைப் பிரிவு பிரிக்கிறம், திடலில ஆயிரம் பேர் நிக்கிறம், பரிசுக்குப் பிரமுகரைக் கூப்பிடுறம். வாயில்லாச் சீவனை அடிச்சுக் குத்தி ஓட்டினால் பண்பாடு. வலி தெரியாத எஞ்சினை ஓட்டினால் காவாலித்தனம். இதை எந்தத் தராசில நிறுக்கிறது?

காணிப் பிரச்சினையையும் மூடி வைக்க விரும்பேல்ல. வலிகாமம் வடக்கில ‘திடல் வேணும்’ எண்டு சொல்லுற எவரும் யோசிச்சுச் சொல்ல வேணும். 1990இல் இடம்பெயர்ந்த சனம் இண்டைக்கும் சொந்தக் காணிக்குக் காத்திருக்கிற பிரதேசம் இது. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டின பிரதேசம் இது. ஆகவே தெளிவாகச் சொல்லுறம்: ஒரு பரப்புக் காணிகூட எங்களுக்குத் தேவையில்லை. காணி முதலில் உரிமையாளருக்கு. நாளைக்கு ஆராவது ‘இளைஞருக்குப் பந்தயத்திடல்’ எண்ட பேரில வேலியைத் தள்ளிப் போட வந்தால், எதிர்த்து நிக்கிற முதல் வரிசையில் நாங்கள் நிப்பம். ரலியின் அழகே அதுக்குத் திடல் தேவையில்லை எண்டதுதான்.

காசு? பெற்றோல்? 2022இல் வரிசையில படுத்தெழும்பின பிள்ளைகள் நாங்கள். கியூஆர் காட்டி லீற்றர் எண்ணினவை. அதனால எங்கட முன்மொழிவு மிகச் சிறியது. வேகத்தில தொடங்க வேண்டாம். நேரம்-வேகம்-தூரம் எண்ட ரலி வகை ஒண்டு இருக்கு. வேக எல்லைக்குக் குறைவான ஒரு சராசரி வேகத்தைத் தருவினம், வழிக்குறிப்பைத் தருவினம். அந்தச் சராசரியைப் பிசகாமல் காப்பாத்திப் போறவை வெல்லுவினம். மறைவாக நிக்கிற நேரக்காப்பாளர் முந்தினாலும் புள்ளி வெட்டுவார், பிந்தினாலும் வெட்டுவார். வீட்டில நிக்கிற கார் போதும். வாகனத்தில ஒரு ஆணியும் மாத்தத் தேவையில்லை. பிறேக்கும் ரயரும் லைற்றும் ஒழுங்கா இருந்தால் சரி. தெல்லிப்பழையில் தொடங்கி, காங்கேசன்துறை, கீரிமலை, மாதகல், பண்டத்தரிப்பு, சங்கானை, சண்டிலிப்பாய், கந்தரோடை, சுன்னாகம், மல்லாகம், திரும்பத் தெல்லிப்பழை. சுமார் 40 கிலோமீற்றர். ஒரு ஞாயிறு காலமை.

சென்னை, மும்பை போன்ற நகரங்களில் இந்த வகை ரலியைப் பார்வையற்றவர்களோடு நடத்துகிறார்கள். வழிக்குறிப்பு பிரெய்லில் இருக்கும். பார்வையுள்ளவர் ஓட்டுவார், பார்வையற்றவர் விரலால் வாசித்து வழி சொல்லுவார். அவர் சொல்லாமல் கார் ஒரு சந்தி திரும்பாது. எங்களுக்குச் சுன்னாகத்தில் வாழ்வகம் இருக்கு, கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கு. பிரெய்லில் எங்களை விட வேகமாக வாசிக்கிற பிள்ளைகள் அங்க இருக்கினம். காங்கேசன்துறை வீதியில் முறுக்குற எங்கட ‘றேஸர்’ ஒருத்தனை ஸ்டியரிங்கில இருத்தி, பக்கத்தில பிரெய்ல் வாசிக்கிற ஒரு தங்கச்சியை இருத்தி, “இனி இவ சொல்லுறபடி ஓடு” எண்டு விட்டுப் பாருங்கோ. பொலிசின் தண்டச்சீட்டும் மாமாவின் நாலு சாத்தும் படிப்பிக்காததை அந்த 40 கிலோமீற்றர் படிப்பிக்கும் எண்டு நாங்கள் நம்புறம்.

ஆகவே கேக்கிறது நாலே நாலு. பிரதேச சபை ஒரு காலமைக்கு அனுமதியும் சந்திகளில் ஆளும் தரட்டும். கராச்காரர் முதல் நாள் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கி ஒவ்வொரு காரின்ர பிறேக்கையும் பாத்து, பிழை எண்டால் “வீட்ட போ” எண்டு சொல்லட்டும். வெளிநாட்டில இருந்து கோயில் கோபுரத்துக்கு அனுப்புற அண்ணாமார், ஒரு தரம் ஹெல்மெற்றுக்கும் பிரெய்ல் தாளுக்கும் அனுப்பட்டும். பெடியள் சைலன்சரைத் திரும்பப் பூட்டிக்கொண்டு வரட்டும்.

கலைப்பீடத்துக்காரருக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் எண்டு கேக்கிற ஆக்களுக்கு: ஒண்டும் பெரிசாத் தெரியாது. வழிக்குறிப்பு எழுதத் தெரியும். மணிக்கூடு பாக்கத் தெரியும். சந்தியில நிண்டு நேரம் குறிக்க எங்களில ஆறு பேர் ரெடி. மாமாவையும் கேட்டம். முதல்ல திட்டினார். பிறகு, “மல்லாகச் சந்தியில எண்டால் நான் நிக்கிறன், அங்கதான் எல்லாரும் வெட்டுவாங்கள்” எண்டார்.